பத்தரை முதல் பன்னிரண்டு வரை

சின்னாளபட்டிச் சேலைக்கடை ஒன்றின் இணையக் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தபடியே வேலை. அந்த வெள்ளிக்கிழமை காலை தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது மென்பொருள் நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தது. மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, பாஸ்வேர்ட் இல்லாமலே யார் வேண்டுமானாலும் நிர்வாகியாக நுழையலாம், உடனே அடையுங்கள். தோசை கருகிப்போனது.

அடைக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் சர்வருக்குள் நுழைய முதலாளியின் போனுக்கு ஓடிபி வர வேண்டும். பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று அப்படி வைத்தது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அவர் கோயிலில் இருப்பார், போனை அணைத்துவிடுவார். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கடைக்குள் நுழைந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. அவர் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டவர் முதலில் மணியைப் பார்த்தார்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சே தாயி. பன்னெண்டு ஆகட்டும், நம்பரைச் சொல்றேன்."

"அண்ணே, இது புது வேலை இல்ல. ரிப்பேரு."

"ரிப்பேரும் வேலைதான? இம்புட்டு நாளு இருந்த ஓட்டை, செத்த நேரம் பொறுக்காதா?"

"இம்புட்டு நாளு யாருக்கும் தெரியாதுண்ணே. இன்னிக்கு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

அவர் அசையவில்லை. சர்வர் கம்பெனிக்கு போன் போட்டேன். கணக்கு அவர் பெயரில் இருக்கிறது, அவரே பேச வேண்டும் என்றார்கள். போனை அவரிடம் நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

சேலை அடுக்குகளுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். ஐந்து முறை ஓடிபி வரவழைத்தேன். ஒவ்வொரு முறையும் அது அவர் சட்டைப்பையில் டிங் என்று ஒலிக்கும், அவர் பையைத் தடவிக்கொள்வார். எனக்குக் காப்பி வாங்கித் தந்தார். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. அந்தக் கடையில் சேலை வாங்கிய பெண்களின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் உள்ளே திறந்து கிடந்தன.

பன்னிரண்டு ஆனதும் ஆறு எண்களையும் நிதானமாக வாசித்தார். உள்ளே போனேன். நிர்வாகிகள் பட்டியலில் எப்போதும் அவரும் நானும் மட்டும்தான். இப்போது மூன்றாவதாக ஒரு பெயர். வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது.

சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"எத்தன மணிக்கு வந்திருக்கான் தாயி?"

"பதினொன்னு பத்துக்கு."

மறுபடி மணியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பாத்தியா, நான் சொல்லல? அந்த நேரமே ஆகாது" என்றார்.

மூன்றாவது கணக்கை நீக்கினேன், ஓட்டையை அடைத்தேன். வாங்கியவர்கள் எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். தலையாட்டினார்.

"மூணு மணிக்குள்ள அனுப்பிரு தாயி. அப்புறம் எமகண்டம்."

உங்கள் முகவரியும் போன் நம்பரும் வேறு யாரோ கைக்குப் போய்விட்டன, மன்னியுங்கள் என்று எழுதி, இரண்டு ஐம்பதுக்கு அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் ஏன் அடைக்காமல் விட்டோம் என்பதை மட்டும் எழுதவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்.