ஊற்றிவிட்ட சொட்டு மருந்து

யுத்த காலத்தில் மருதனார்மடத்தில் நான் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் மருத்துவிச்சியாக இருந்தேன். மின்சாரம் இல்லை. குளிர்பெட்டிக்கு ஊற்ற மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது. ஆனால் எங்களுக்கு நிபுணர்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கேயோ ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் கூடி, உலகம் முழுவதற்கும் சேர்த்து யோசித்து, திறந்த குப்பியில் மிஞ்சும் மருந்தை அன்றே கீழே ஊற்றிவிட வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள்.

ஒருநாள் கடைசிக் குப்பியின் மிச்சத்தை வாசலில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு தாய் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். ஷெல்லடிக்குப் பயந்து வழியில் பதுங்கியிருந்தாளாம்.

"மருந்து முடிஞ்சுதோ, மிஸ்ஸி?"

"முடியேல்லை. இப்பதான் ஊத்தினனான்."

"பழுதாப் போச்சுதோ?"

"இல்லை, நல்ல மருந்துதான். ஊத்தச் சொல்லிச் சட்டம்."

அவள் ஈர மண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த கிழமை வரச் சொன்னேன். நல்ல காலம், வந்தாள். குழந்தைக்கு மருந்து விட்டேன்.

சில வருடங்களின் பின் நிபுணர்கள் மறுபடி கூடினார்கள். குளிரில் வைத்திருந்தால், திறந்த குப்பியை அடுத்த முறையும் பாவிக்கலாமாம். ஆற அமர ஆராய்ந்து கண்டுபிடித்தார்களாம். சந்தையில் கண்டபோது அந்தத் தாயிடம் இதைச் சொன்னேன்.

"பெரிய ஆக்கள் ஆறுதலாத்தானே யோசிப்பினம்," என்றாள், கத்தரிக்காய் பொறுக்கியபடி. "இஞ்சை வந்து கூடியிருந்தால் கெதியா முடிச்சிருப்பினம். ஷெல்லடிக்கை ஆரும் கனநேரம் கதைக்கிறேல்லை."