சலாம் சொல்லாமல் வைத்த பொதி

நோன்பு மாதம் பிறந்ததும், தனித்து வாழும் முதியோரின் வாசலில் அரிசியும் சீனியும் பேரீச்சம்பழமும் அடங்கிய பொதியை வைத்துவிட்டு ஓசையின்றித் திரும்புவது கற்பிட்டிப் பக்கத்திலுள்ள எமது ஊரின் வழக்கம். கொடுப்பவர் யாரென்று தெரிந்தால் பெறுபவர் கூசுவார் என்பதே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எமது அயலில் தனியே வசிக்கும், எங்களுக்கு மூத்த அக்காவைப் போன்ற ஸபியா ராத்தாவின் வாசலிலும் அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் அவ்வாறே ஒரு பொதியை வைத்தேன். மறுநாள் காலையிலும் அது அங்கேயே இருந்தது. மானமுள்ளவர், ஏற்க மனமில்லை போலும் என்றெண்ணி, வேறொருவருக்குக் கொடுப்பதற்காக அதனைத் தூக்கினேன். அக்கணம் உள்ளே கோப்பையைத் தரையில் தட்டும் ஓசை கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். முந்தைய நாள் விடியுமுன் ஸஹர் உணவு சமைக்க எழுந்தவர் குசினியில் வழுக்கி விழுந்து, அசைய முடியாமல் கிடந்தார்.

“நேத்து நீங்க வந்த சத்தம் கேட்டிச்சு தம்பி. கூப்பிட்டன். கள்ளன் மாதிரி ஓடிட்டீங்களே!”

என் கண்கள் கலங்கின. “மன்னிச்சிருங்க ராத்தா” என்றேன்.

“பொறவு அழலாம். முதல்ல தண்ணி தாங்க.”

வைத்தியசாலையில் இடுப்பெலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்று, இறைவன் அருளால் அவர் ஊன்றுகோலுடன் நடமாடத் தொடங்கினார்.

இப்போது எங்களுள் எவரும் சலாத்துக்குப் பதில் கேட்காமல் பொதியை வைப்பதில்லை. நோன்பல்லாத மாதங்களிலும் நாள்தோறும் ஒருவர் சென்று அம்முதியோரின் கதவைத் தட்டுகிறார்.

“நிம்மதியா குர்ஆன் ஓத விடுறீங்களே இல்ல” என்று ராத்தா உள்ளிருந்தே ஏசுவார். அதைக் கேட்ட பின்னரே நான் திரும்புகிறேன்.