கங்காரு கறியும் வாட்ச்மேனின் மண்சட்டியும்

ஐம்பதுகளில் மாமல்லபுரத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருந்த பயணியர் பங்களாவில் நான் டெம்பரரி சமையல்காரனாக இருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி செங்கல்பட்டில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். வேலை பர்மனென்ட் ஆனால் பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறை எனக்குக் கிடைக்கும். அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். அதற்கு பங்களாவை மேற்பார்க்கும் பி.டபிள்யூ.டி. இன்ஜினியர் ஒருநாள் வந்து, என் கையால் சாப்பிட்டுப் பார்த்து, ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காக எத்தனை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் துஆ கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அந்தச் சமயம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு துரை வந்து தங்கியிருந்தார். காலையில் தொப்பியும் நோட்டுமாகப் போய்ச் சிற்பங்களைப் பார்த்து வரைவார். வெயில் ஏறியதும் தக்காளிப் பழம் மாதிரி திரும்பி வருவார். இன்ஜினியர் சனிக்கிழமை மதியம் வருகிறார் என்று தெரிந்ததும், தன்னோடு உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து இரண்டு டின்களை என் கையில் கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த படத்தில் ஒரு மிருகம் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தது. தன் ஊர்க் கங்காரு இறைச்சி, இதை உன் ஊர் மசாலாவில் செய், இன்ஜினியர் அசந்துபோவார் என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சமையல்காரன் வாயில் அந்த வார்த்தை வருமா? ‘கங்காரு ஃபர்ஸ்ட் கிளாஸ் பண்ணுவேன் சார்’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் டின்னைத் திறந்த பிறகுதான் புத்தி வந்தது. உள்ளே கருஞ்சிவப்புத் துண்டுகள், கொழுப்பே இல்லை, நார் நாராக இருந்தன. ஏற்கெனவே வெந்த இறைச்சி. உப்பு போட்டிருக்கிறார்களா, எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று நாக்கில் வைத்தால்தான் தெரியும். அங்கேதான் சிக்கல். அறுத்தவன் யார், பிஸ்மில்லா சொல்லி அறுத்தானா என்று தெரியாத இறைச்சியை நான் வாயில் வைக்க மாட்டேன். ஆட்டுக்கறி கூட நானே கடைக்குப் போய் நின்று வாங்கி வருவதுதான் வழக்கம். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு உப்பு பார்த்துச் சொல்பவர் எங்கள் வாட்ச்மேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர், நல்ல நாக்கு.

கரண்டியை நீட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

“இன்னா பாய், புரட்டாசி சனிக்கெழமையும் அதுவுமா கறியக் காட்டிகினு கீற. நானே தனியா மண்சட்டியில காரக்கொழம்பு வெச்சிகினு கீறேன்.”

“கறி இல்ல அண்ணாத்த, இது கங்காரு.”

அவர் டின்னை எடுத்துப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெருச்சாளிய நிக்க வெச்ச மாரி கீது. புரட்டாசி இல்லன்னாலும் வாணாம்.”

கடைசியில் துரையையே சமையலறைக்குக் கூப்பிட்டேன். விருந்தாளி கொண்டுவந்த பொருளை விருந்தாளிதான் முதலில் ருசி பார்க்க வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம் என்று அளந்தேன். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டூலைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெங்காயம் வதங்கி, இஞ்சி பூண்டின் பச்சை வாசனை போய், மிளகும் தேங்காயும் அரைத்து ஊற்றியதும் கரண்டி கரண்டியாக ருசி பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டார், இன்னும் கொஞ்சம் காரம் என்றார். உப்பு சரியா என்று கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டினார். நானும் நம்பி இறக்கிவிட்டேன்.

இன்ஜினியர் வந்தார். கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கை கழுவிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் மூடியைத் திறந்தேன். அவர் முகம் மாறியது.

“என்னப்பா இது, புரட்டாசி சனிக்கிழமையில?”

காலையில் வாட்ச்மேன் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவருக்கு இருக்கிற புரட்டாசி இன்ஜினியருக்கும் இருக்கும் என்று ஏன் தோன்றாமல் போனது? பங்களா பாத்திரம் எல்லாமே கறி சமைத்தது, அதில் வேறு எதை வைத்தாலும் அவர் தொட மாட்டார். பின்பக்கம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் வாட்ச்மேன் தன் மண்சட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார். இலை அறுத்துக்கொடுத்து, அவருக்கென்று வடித்த சோற்றையும் கொடுத்தார்.

இன்ஜினியர் கத்தரிக்காய்க் காரக்குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். மறுபடி ஊற்றச் சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டார்.

“நல்ல கைப்பக்குவம்ப்பா உனக்கு” என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அறை, அவள், எட்டு மாதம் எல்லாம் அந்தப் பேனா முனையில் நின்றது. கதவுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன், சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். பட்டினியாக நிற்கிற மனுஷரைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“கொழம்பு அவர் வெச்சது சார். நான் பண்ணது கங்காரு.”

“அது எப்படி இருக்கு?”

“தெரியாது சார். நான் வாய்ல வெக்கல.”

இன்ஜினியர் துரையைப் பார்த்தார். துரை அப்போதுதான் தட்டை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார். பிரமாதம், இதற்கு முன்னால் கங்காரு சாப்பிட்டதே இல்லை, கப்பல் ஏறும்போது வேடிக்கைக்கு வாங்கியது என்றார். அப்படியென்றால் காலையெல்லாம் எனக்கு உப்பு பார்த்துச் சொன்னவருக்கும் ஒன்றும் தெரியாது. இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த ஒரு வரியை எழுதினார்.

அடுத்த மாதம் மனைவியை பஸ்ஸில் அழைத்து வந்தேன். முதல் நாள் சமைக்க வேண்டாம் என்று வாட்ச்மேன் அதே காரக்குழம்பை வைத்து, அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் அவ்வளவு மரியாதையை நான் அதுவரை பார்த்ததில்லை.

“நீங்க வெச்சதா?”

இன்ஜினியரிடம் சொன்ன உண்மை அவளிடம் வரவில்லை. “ஆமா” என்றேன்.

“நாளைக்கும் இதையே வைங்க. பக்கத்துல நின்னு கத்துக்கிறேன்.”

காலித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு, கிணற்றடிக்குப் போவதுபோல, வாட்ச்மேனைத் தேடிப் போனேன்.