பலெர்மோவில் நான் விட்ட கை

லண்டனில் பிளேஸ்டோவிலிருந்து இல்ஃபோர்ட்டுக்கு வேலைக்குப் போகும் பஸ் திடீரென்று பிரேக் பிடித்தால் என் வாயிலிருந்து "மதோன்னா மீயா!", என் மாதாவே, என்றுதான் வருகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். பசித்தால் தமிழில் பசிக்கிறது, கோபம் வந்தாலும் தமிழில்தான் வருகிறது. பயம் மட்டும் இத்தாலிய மொழியில் வருகிறது. போன மாதமும் அப்படித்தான். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்து, இத்தாலியா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, யாழ்ப்பாணம் என்றேன். "அது வடக்கிலா?" என்று கேட்டார். ஆம், வடக்குத்தான் என்றேன். "அருமை. நான் அங்கே ஓர் ஏரிக்குப் போயிருக்கிறேன், மலையெல்லாம் பனி" என்று அவர் மகிழ்ந்தார். அவர் சொன்னது இத்தாலியின் வடக்கு. நான் திருத்தவில்லை. இறங்கும் இடம் வந்துவிட்டது.

இந்தப் பயம் எனக்கு எங்கே பிடித்தது என்பதை இதுவரை எழுதியதில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களும், என்னைப்போல ஒரு நாட்டுக்கு வந்து இன்னொரு நாட்டுக்கு மாறியவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது ஒரு திருவிழாவைப் பற்றிய கதை.

இந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் மகள் மிதுலா சமையலறை மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்திருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம் தொடங்குமுன் இரண்டு சிநேகிதிகளோடு இத்தாலிக்குப் போகத் திட்டம். 'பயணிகள் அனுபவிக்க வேண்டிய இத்தாலியத் திருவிழாக்கள்' என்று ஒரு பட்டியலைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். வெனிஸில் முகமூடி போட்டுக்கொண்டு ஊரே திரிகிற கார்னிவல். வடக்கில் ஒரு சிற்றூரில் சனங்கள் அணி பிரிந்து ஒருவர்மேல் ஒருவர் தோடம்பழத்தால், ஆரஞ்சுப் பழத்தால், எறிகிற சண்டை. சியெனாவில் நகரத்தின் நடுச் சதுக்கத்தைச் சுற்றிச் சேணமில்லாத குதிரைகள் ஓடுகிற ஓட்டம். குப்பியோவில் ஆள் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு உயரமான மரத்தூண்களைத் தோளில் சுமந்துகொண்டு மலையேறி ஓடுகிறவர்கள். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியாக, பலெர்மோ.

"அம்மா, பலெர்மோவில ஜூலையில ஒண்டு, செப்டம்பரில ஒண்டு. நாங்கள் செப்டம்பருக்குப் போகப்போறம். மலை ஏறுறது. நாங்க அங்க ஒன்பது வருசம் இருந்தும் மலைக்குப் போகேல்லைதானே, போனா நல்லா இருக்குமோ?"

நான் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "பலெர்மோ வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"சரியான சனம். நெரிசல். உனக்கு ஏலாது."

"வெனிஸிலயும் சனம்தானே. அதுக்கு நீங்க ஒண்டும் சொல்லேல்லை."

கோப்பையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டேன். டெலிவரி வான் ஓட்டிவிட்டு வந்து முன்னறையில் படுத்திருந்த என் கணவர் தயாபரன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இஞ்ச பார், அவள் பெரிய பிள்ளை. போகட்டும் விடு." அவருக்குத் தெரியாது. அவருக்கும் நான் சரியாகச் சொன்னதில்லை.

தயாபரன் எங்களுக்கு முன்பே இத்தாலிக்குப் போய்விட்டவர். மிதுலா பிறந்து இரண்டு மாதத்தில் போனார். நானும் குழந்தையும் வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டோம். போரின் கடைசி மாதங்களை இங்கே விரிக்கப்போவதில்லை. இதை மட்டும் சொல்கிறேன். இடம் மாறி இடம் மாறி, பங்கர் மாறி பங்கர் மாறி ஓடிய அத்தனை நாளும் என் பிள்ளையின் கையை நான் ஒரு தடவைகூட விடவில்லை. நித்திரையிலும் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தபடிதான் கிடந்தேன். முகாமிலும் அப்படித்தான். பிறகு தயாபரன் பத்திரங்களைச் சரிக்கட்டி எங்களைப் பலெர்மோவுக்கு எடுத்தபோது, விமான நிலையத்தில் அவர் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கொடுக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்த வருடம் ஜூலை மாதம் அந்த நகரத்தின் பெருவிழா வந்தது. பெஸ்தீனோ என்பார்கள். முன்னொரு காலத்தில் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்ததாக அவர்கள் நம்புகிற ஒரு கன்னிப்பெண்ணுக்கு எடுக்கும் விழா அது. சாந்தூத்சா, சின்னப் புனிதவதி, என்று வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவார்கள். அங்குள்ள நம்முடைய சனங்களும் சைவம், கிறிஸ்தவம் என்று பாராமல் அவளைக் கும்பிடுவார்கள். எங்களுக்கு அவளும் ஓர் அம்மன். செப்டம்பரில் மலைமேல் இருக்கிற அவளுடைய குகைக் கோயிலுக்கு நடந்து ஏறுவார்கள். விழாவின் இரண்டாம் நாள் மாலை, வெயில் இன்னும் சுடும்போதே, அவளுடைய எலும்புகள் வைத்த வெள்ளிப் பேழையைத் தெருத்தெருவாகக் கொண்டுவருவார்கள். தயாபரன் உணவகச் சமையலறையில் வேலைக்கு நின்றார். நானும் நாலு வயது மிதுலாவும் தனியே போனோம். நான் பச்சைச் சட்டை போட்டிருந்தேன். அவளுக்கு மஞ்சள் கவுன். தெருவெங்கும் நத்தையை உள்ளிப்பூடு போட்டு வதக்குகிற மணம், வறுத்த கடலைக் குவியல்கள், பால்கனிகளில் தொங்கவிட்ட பட்டுத் துணிகள். வந்து நான்கு மாதத்தில் முதல்தடவையாக எனக்கு அந்த ஊர் பிடித்தது.

பேழை வளைவில் திரும்பியபோது வெடி போட்டார்கள். எங்கள் தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் கல் வீடுகள் உள்ள ஒடுக்கமான தெருவில், ஒன்றன்பின் ஒன்றாக. நிலம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். சனம் நெருக்கி என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனது என்றேன். அது பொய். கையை நான்தான் விட்டேன். விட்டுவிட்டு ஓடினேன். ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, யாருடைய காலையோ மிதித்துக்கொண்டு, கிடைத்த முதல் வாசலுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு குந்தினேன். வெடி நின்றது. காதிலிருந்து கைகளை எடுத்தேன். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன.

அந்த வாசலில் ஒரு பருத்த பெண் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது முப்பது நாற்பது இத்தாலியச் சொற்கள் தெரியும். அவளைப் பிடித்து உலுக்கி, "ஓ பெர்சோ லா பம்பீனா!" என்று கத்தினேன். பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைத்துச் சொன்னேன். அதையே பிள்ளையைப் பறிகொடுத்தவளும் சொல்வாள், கரு கலைந்தவளும் சொல்வாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் முகம் மாறியது. சிலுவை போட்டாள். "எப்போது?" என்று கேட்டாள். "இப்போது! இப்போது!" என்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள், இன்னொரு பெண் ஓடிவந்தாள், இருவருமாக என்னைக் கதிரையில் அமர்த்தித் தோளை அழுத்திப் பிடித்தார்கள். எழும்பாதே, அசையாதே, அம்புலன்ஸ் வரும் என்றார்கள். நான் எழும்பினேன். அமர்த்தினார்கள். நான் கடிக்கவும் செய்தேன். அவர்கள் அழுதபடியே என்னைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, ஆனால் விடாமல் பிடித்திருந்தார்கள். வெளியே சனம் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் என் பிள்ளை இன்னும் தூரம், இன்னும் தூரம் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஷெல்லுக்குப் பயந்ததைவிட அந்த அன்பான கைகளுக்கு நான் பயந்தேன்.

கடைசியில் என் தொடையருகே உள்ளங்கையை நீட்டி உயரத்தைக் காட்டினேன். நாலு விரலை விரித்தேன். "மிதுலா" என்றேன். அந்தப் பெண் என் கையையும் அதன் கீழிருந்த வெறும் காற்றையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் எழுப்பிய சத்தத்தை நான் இன்றுவரை வேறு யாரிடமும் கேட்டதில்லை. தெருவே திரும்பியது. "மீத்தூலா! மீத்தூலா!" என்று பால்கனியிலிருந்து பால்கனிக்குப் பெயர் போனது. ஒரு மணித்தியாலத்தின் பிறகு, இரண்டு தெரு தள்ளி, கடலை விற்கிற ஒருத்தியின் மடியில் பிள்ளை இருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் ஓடிவரவுமில்லை. பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் போய்த் தூக்கிக்கொண்டேன்.

ஒன்பது வருடம் அந்த ஊரில் இருந்தும் அந்தத் தெருவுக்கு நான் பிறகு போகவில்லை. லண்டனுக்கு மாறியதற்குப் பள்ளிக்கூடம், ஆங்கிலம், சொந்தக்காரர் என்று பல காரணம் சொன்னோம். எனக்கு மட்டும் இன்னொரு காரணம் இருந்தது. ஒவ்வொரு ஜூலையும் அந்த வெடி வரும்.

இந்த வருடம் மிதுலா விடவில்லை. "லண்டனிலயும் இத்தாலிக்காரர் ஒரு ஊர்வலம் செய்யினம். சின்னன்தான். வாங்கோ, போய்ப் பாப்பம். பிறகு பலெர்மோவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றாள். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். நகரத்தின் நடுவில், முன்பு இத்தாலியர் குடியிருந்த மேட்டுத் தெரு. வெள்ளை உடுப்புப் போட்ட சிறுமிகள், பைபிள் கதை வேடம் கட்டியவர்கள் நிற்கிற லொறிகள், தோளில் மாதா சொரூபம். தொத்திறைச்சி சுடுகிற புகை. எல்லாம் ஒழுங்காக, மெதுவாக நடந்தது. பொலிஸ்காரர்கூட ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். நான் மூச்சை விட்டேன். அப்போது எனக்குப் பின்னால் ஏதோ வெடித்தது.

அலங்கார வளைவில் கட்டியிருந்த ஒரு பெரிய பலூன் என்று பிறகு அறிந்தேன். நான் அறிந்தபோது ஒரு பக்கத்துத் தெருவில், பூட்டிய கடை ஒன்றின் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். செருப்பு ஒன்றைக் காணவில்லை. மகளையும் காணவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது, கையில் போன் இருக்கிறது, லண்டன் முழுவதும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் கால்கள் மறுபடியும் அவளை விட்டுவிட்டு ஓடியிருந்தன. சத்தத்துக்கு அல்ல, அந்தக் கால்களுக்குத்தான் நான் பயந்தேன்.

மிதுலா செருப்போடு வந்தாள். எனக்கு முன்னால் குந்தி அதைக் காலில் மாட்டிவிட்டாள். நான் அவளுடைய தலையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பிள்ளை, அண்டைக்குப் பலெர்மோவில சனம் உன்னை இழுக்கேல்லை. நான்தான்…"

"எனக்குத் தெரியும், அம்மா."

"என்ன தெரியும்?"

"நீங்க கையை விட்டிட்டு ஓடினது. உங்கட பச்சைச் சட்டையையே பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு அது தெரியேல்லை."

"அப்ப ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

அவள் நிமிர்ந்தாள். "நீங்க அப்பாட்ட வேற மாதிரிச் சொன்னீங்க. எல்லாரிட்டையும் அப்பிடித்தான் சொன்னீங்க. நான் நினைச்சன், அதைத்தான் சொல்லவேணுமாக்கும் எண்டு. பிறகு அப்பிடியே பழகிப்போச்சு."

பதினைந்து வருடம். நாலு வயதில் என் பொய்யை வாங்கி, ஒரு சொல் சிந்தாமல் வைத்திருந்திருக்கிறாள். அதைக் கேட்டபோது வந்த பயம் வெடிச்சத்தத்தில்கூட எனக்கு வந்ததில்லை. "என்னில கோவமோ?" என்று கேட்டேன்.

"சின்னனில இருந்தது. இப்ப தெரியேல்லை, அம்மா. ஆனா அந்தத் தெருவை நான் ஒருக்காப் போய்ப் பாக்கவேணும். அதுக்குத்தான் அந்த லிஸ்டையே தேடினனான்."

"நானும் வரட்டோ?"

"இந்த முறை வேண்டாம்."

அன்று மாலை தயாபரனிடம் முழுவதையும் சொன்னேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார். "நான் அந்த ஒரு நாள் லீவு எடுத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

செப்டம்பரில் அவள் போனாள். இத்தாலியத் திருவிழாக்களைப் பார்க்கப் போகிற நம்மவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. போங்கள். பாருங்கள். வெடி எப்போது, எந்தத் தெருவில் என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். 'தொலைத்துவிட்டேன்' என்று சொல்லாதீர்கள், 'காணவில்லை' என்பதற்கு அங்கே வேறு சொல் இருக்கிறது. பலெர்மோவுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே மிதுலா அந்தத் தெருவுக்குப் போனாளாம். "சரியான சின்னத் தெரு, அம்மா" என்று ஒரு வரி அனுப்பினாள். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

மலை ஏறிய நாள் காலை பத்து மணிக்கு வீடியோவில் அழைத்தாள். நான் பிளேஸ்டோ வீட்டுச் சமையலறையில் நின்றேன். குகைக் கோயிலின் முன்னால் சனக்கடல். வெறுங்காலோடு இத்தாலியக் கிழவிகள், பூத்தட்டோடு நம்முடைய பெண்கள். "இஞ்சால வாங்கோ பிள்ளை, வழி விடுங்கோ" என்று யாரோ யாழ்ப்பாணத் தமிழில் சொல்வது கேட்டது. அவள் போனைத் தலைக்குமேல் தூக்கினாள். மூலையில் சின்னதாக என் முகம், என் பின்னால் கவுன்சில் வீட்டு அலுமாரிகள், சுற்றிலும் அந்த மலைச் சனம். வெடி வருமோ, நெரிசல் வருமோ. அப்போது ஒருவன் அந்த ஊர் வழக்கப்படி கூவினான். "நாங்கள் என்ன ஊமைகளா?" ஆயிரம் குரல் "வீவா!", வாழ்க, என்று பதில் சொன்னது. என்னை அறியாமல் நானும் சமையலறையில் நின்று உரத்துக் கத்திவிட்டேன். "வீவா!"

பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். "அங்க என்ன சத்தம், அம்மா?" என்று மிதுலா கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் மலையில் மறுபடியும் கூவினார்கள், சுவரில் மறுபடியும் தட்டினார்கள். ஒரு பக்கத்துக்குப் பதில் சொன்னால் மறுபக்கத்துக்குக் கேட்கும். போனைக் கையில் பிடித்தபடி, வாயைத் திறந்தபடி, நான் நடுவில் நின்றேன்.