மலையின் சொந்த உயரம்

என் மாமாவுக்கு மலைகளைப் பிடிக்கும் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மலைகளை வரிசையில் நிற்க வைப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். அம்மாவின் தம்பியான அவர், புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்தார். சாங்வியில் எங்களோடுதான் தங்கியிருந்தார். வாரம் முழுக்க அடுத்தவர்களின் அளவு சரியா என்று சோதித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதே சந்தேகத்தோடு சஹ்யாத்ரி மலைகளிடம் போவார். அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. மலை எங்கேயும் ஓடிப்போகாது, அதை எதற்கு இத்தனை அவசரமாக அளக்க வேண்டும் என்பார். மாமா ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்.

அவருடைய வரிசை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை அல்ல. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று யாராவது ஆரம்பித்தாலே அவர் முகம் சுருங்கிவிடும். "பெஞ்சு மேல ஏறி நிக்கறவன நெட்டையன்னு சொல்லுவியா? பெஞ்ச கழிச்சிட்டுதானே பாக்கணும்" என்பார். ஒரு சிகரத்திலிருந்து இறங்கி, அதைவிட உயரமான இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், வழியில் குறைந்தது எவ்வளவு கீழே இறங்கித்தான் ஆக வேண்டும் என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தாழ்வான இடம்தான் பெஞ்சு. அதற்கு மேல் உள்ளது மட்டுமே மலையின் சொந்த உயரம். இதற்கு இங்கிலீஷில் புராமினன்ஸ் என்று ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது சொந்த உயரம்தான். இந்தக் கணக்கில் பேரும் புகழுமாக நின்ற பல சிகரங்கள் சரசரவென்று கீழே இறங்கின. யாரும் திரும்பிப் பார்க்காத சில மொட்டை மலைகள் முன்னால் வந்து நின்றன. மாமாவுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

முல்ஷி ஏரிக்கு அப்பால் இருந்த ஒரு மலை அவருடைய செல்லம். புனே ஜில்லாவின் வரிசையில் அதற்கு எந்த இடம் என்பதில்தான் சண்டை. இதே கிறுக்குப் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அதில் கோத்ரூடைச் சேர்ந்த ஒரு பெரியவர், மாமாவின் மலை தன்னுடைய மலைக்கு ஒரு படி பின்னால்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். உச்சியின் உயரத்தில் இருவருக்கும் தகராறு இல்லை. பெஞ்சின் உயரத்தில்தான், அதுவும் சில மீட்டர்களுக்காகத்தான். வரைபடங்கள் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லின. நேரில் போய் அளந்து கோத்ரூட்காரரின் வாயை அடைப்பது என்று மாமா முடிவு செய்தார்.

அதற்காக, காற்றின் அழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கைக்கடிகாரங்கள் இரண்டு வாங்கியிருந்தார். ஒன்று அந்தத் தாழ்வான இடத்திலேயே இருக்க வேண்டும். இன்னொன்றைக் கட்டிக்கொண்டு அவர் உச்சிக்குப் போவார். கீழே உள்ளதை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் அங்கே குரங்குகள் அதிகம். காவலுக்கு வருவதாகச் சொன்ன நண்பர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். எனக்கு நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. நான் வருகிறேன் என்று குதித்தேன். அம்மாவுக்கு மனசே இல்லை.

"அவள தனியா விட்டுட்டு எங்கயும் போயிடாதடா" என்றாள்.

"எங்க போகப்போறேன்க்கா, மலையிலதானே இருப்பேன்" என்றார் மாமா. அதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாது.

பைக்கை ஒரு சிற்றூரில் நிறுத்திவிட்டு ஏறினோம். இரண்டு மலைகளுக்கு நடுவே வழி தாழ்ந்து செல்லும் இடத்தை மராத்தியில் கிண்ட் என்பார்கள். அந்தக் கிண்டில் செந்தூரம் பூசிய ஒரு கல் தெய்வம். பக்கத்தில், மலையேற வருபவர்களுக்கு எலுமிச்சை சர்பத்தும் வெள்ளரிக்காயும் விற்கும் ஒரு பெண். நாங்கள் ஏறி வந்த பக்கம் கல்லும் முள்ளுமாக இருந்தது. எதிர்ப் பக்கம் கடலோரக் கொங்கண் பக்கம். அங்கே புல் சரிவு மெத்தென்று இறங்கிப்போய் வெள்ளை மேகத்துக்குள் மறைந்தது. மழைக்காலம் தொடங்கவில்லை என்றாலும், மேகங்கள் முன்னதாகவே வந்து மலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன.

மாமா என்னை ஒரு தட்டைக் கல்லின் மேல் உட்காரவைத்து, கடிகாரத்தைக் கையில் கட்டிவிட்டார். அது 812 என்று காட்டியது.

"இந்த எடத்த விட்டு நகரக்கூடாது, சரியா? நகர்ந்தா நம்பர் மாறிடும். நம்பர் மாறிச்சுன்னா எல்லாம் வீண். வந்த பாதையில எறங்கிப் போயிடாத."

எதிர்ப் பக்கம் இறங்காதே என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இறங்க யாருக்கும் ஒரு காரணம் இருக்க முடியாது. சர்பத்துக்காரியை மாவ்ஷி என்று சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மராத்தியில் சொல்லிவிட்டு உச்சியைப் பார்த்து வேகமாக ஏறினார். கொஞ்ச நேரத்தில் பாறைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

மாமா சொல்ல மறந்தது ஒன்றே ஒன்றுதான். காற்றின் அழுத்தம் ஒரே மாதிரி இருக்காது. பகல் ஏற ஏற அது குறையும், மழை மேகம் வந்தால் இன்னும் குறையும். அப்போது கடிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தாலும், மேலே ஏறிவிட்டதாக நினைத்து எண்ணைக் கூட்டிக் காட்டும். அப்படித் தானாக மாறும் அளவைத் தெரிந்துகொண்டு கழிப்பதற்காகவே ஒரு கடிகாரம் கீழே இருக்க வேண்டும். எண் மாறும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. அது அவருக்கு அவ்வளவு சாதாரண விஷயம் என்பதால், ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொல்லத் தோன்றவில்லை.

முதலில் 813 ஆனது. வெள்ளரிக்காய் வாங்கக் கையை நீட்டினேனே, அதில் நகர்ந்திருப்பேன் என்று பழையபடி உட்கார்ந்தேன். எண் திரும்பவில்லை. பிறகு 814. மாமாவின் மலை என் கையிலேயே வரிசையில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கல்லிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று குறைந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எண் கூடினால் கொஞ்சம் கீழே இறங்கினால் போதும், அவ்வளவுதான் விஷயம்.

அதற்குள் மேகம் கிண்டின் மேலேயே ஏறிவிட்டது. மலையேற வந்தவர்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்டார்கள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று சர்பத்துக்காரி டம்ளர்களைக் கழுவிப் பானைக்குள் போட்டுக் கட்டினாள். "சல் போரீ, காலீ சல்" என்று என்னைத் தன்னோடு கீழே வரச் சொன்னாள். வரமாட்டேன் என்றேன். கையைப் பிடித்து இழுத்தாள். நான் கல்லைக் கட்டிக்கொண்டேன். நான் நகர்ந்தால் மாமா தோற்றுவிடுவார் என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உன் மாமாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது, என் வீட்டுக்காரரைக் கூட்டிவருகிறேன், அசையாதே என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். அன்றைக்கு அசையாதே என்று எனக்குச் சொல்லாத ஆளில்லை.

பிறகு நானும் கடிகாரமும் மட்டும்தான். வந்த பாதையில் இறங்கக்கூடாது என்று மாமா சொல்லியிருந்ததால், புல் சரிவில் இறங்கினேன். உட்கார்ந்தபடியே சறுக்கி, எண்ணைப் பார்த்து, 812 வந்ததும் நின்றுவிடுவேன். சற்று நேரத்தில் அது 813 ஆகும். மறுபடி சறுக்குவேன். கண்ணை எடுத்து வேறு எங்கும் பார்க்கவில்லை, பார்க்கவும் ஒன்றும் இல்லை. திரும்பியபோது கல் தெய்வத்தைக் காணோம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எண் சரியாக இருந்ததால், நான் அதே இடத்தில்தான் இருக்கிறேன் என்று திடமாக நம்பினேன். கண்ணுக்குத் தெரிவதைவிடக் கடிகாரம் சொல்வதை நம்ப வேண்டும் என்று நினைக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான்.

புல் குறைந்து சரளைக் கற்கள் வந்தன. என் காலில் பட்டு ஒரு கல் உருண்டு போனது. அது எங்கேயாவது விழும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அப்போதுதான் மாமாவின் குரல் கேட்டது. "பாப்பா!" என்று மேலே எங்கோ கூப்பிட்டார். இங்கேதான் இருக்கிறேன் என்று கத்தினேன். காற்று என் குரலை வேறு பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். அவர் நாங்கள் ஏறி வந்த பாதையில் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். குரல் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. எழுந்து மேலே போகலாம் என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தேன். இத்தனை நேரம் காப்பாற்றியதை இப்போது கெடுப்பானேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பவும் அவர் குரல் வந்தபோது அதில் கூப்பிடுவது போய், வேறு ஏதோ ஒன்று இருந்தது. அக்கா, அக்கா என்று அம்மாவிடம் பேசுவதுபோல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். பிறகு, பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பது போல மெதுவாகப் பேசினார்.

"பாப்பா, நகராத."

"நான் நகரவே இல்ல மாமா."

"சரிடா. நம்பர் என்ன காட்டுது, சொல்லு."

"எண்ணூத்திப் பன்னெண்டு."

"திரும்பச் சொல்லு. சொல்லிக்கிட்டே இரு."

நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் மல்லாந்து, குதிகால்களை ஊன்றி, அங்குலம் அங்குலமாக என் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். முதலில் ஷூ தெரிந்தது, பிறகு கால், பிறகு ரத்தம் வழியும் முழங்கை. என் சட்டைக் காலரைப் பற்றித் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. எங்களுக்கு இரண்டு முழம் கீழே மலை முடிந்திருந்தது. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், ஒரு பருந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமிட்டது. அதற்கும் கீழே தகரக் கூரைகள். நான் பருந்தின் முதுகை அதுவரை பார்த்ததே இல்லை. அதை மாமாவுக்குக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எப்படி மேலே வந்தோம் என்பது சரியாக நினைவில்லை. கிண்டுக்கு வந்தபோது சர்பத்துக்காரி தன் கணவனோடும் ஒரு கயிறோடும் நின்றிருந்தாள். மாமாவைப் பார்த்து மராத்தியில் கிழிகிழி என்று கிழித்தாள். கேள்வி கேட்டால் மூன்று பக்கத்துக்குப் பதில் சொல்லும் மாமா, கைகூப்பி நின்றார். அவர்கள் தள்ளிப் போனதும் என்னை மடியில் வைத்துக்கொண்டு தட்டைக் கல்லில் உட்கார்ந்தார். உச்சியில் எத்தனை வந்தது என்று கேட்டேன். அவர் உடம்பு குலுங்கியது. பெரிய ஆம்பிளை ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கணக்கு தப்பிவிட்டது, கோத்ரூட்காரர் ஜெயித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டு இறங்கி இறங்கி எண்ணைக் காப்பாற்றியும் எங்கேயோ கோட்டைவிட்டிருக்கிறேன். ஒரு மலைக்காக மனுஷன் இப்படி உருகுவாரா என்று அவர் மேல் எனக்குப் பெரும் இரக்கம் வந்தது. அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டேன். "அழாதீங்க மாமா. அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப வரலாம். நான் இதேமாதிரி அசையாம உக்காந்திருக்கேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.