மதினியின் கதவும் ஒரு கோணல் சட்டமும்

என் வீட்டு அடுப்படிப் பரணில், பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பலகை தொங்குகிறது. ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு சாண் அகலம். மெல்லிய ப்ளைவுட்டின் மேல் தடித்த சட்டம் ஒன்றைத் திருகி வைத்திருக்கிறேன். அந்தச் சட்டத்தின் ஒரு பக்கம் கோணல்மாணல். மறுபக்கம் நூல் பிடித்தாற்போல நேர். வருகிறவர்கள் கேட்டால், மரம் அறுக்கும் மெசினை நேராக ஓட்ட வைக்கும் பலகை என்பேன். கோணல் யார் வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

மதினி, என் அண்ணன் மனைவி, அடிவாரத்துப் பாலசமுத்திரத்திலிருந்து கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். தையல் மெசினும் அவரோடு மலையேறி வந்தது. தோண்டிய பூண்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் காயவைப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வாசம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கொடைக்கானல் கல்யாணப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மதினி தைத்த பட்டு ஜாக்கெட்டுகளை, பூண்டு நாற்றம் என்று பெண் வீட்டார் திருப்பி அனுப்பினார்கள். மதினி அவற்றை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு மடித்து வைத்தார். அடுத்த கல்யாணத் துணி வந்தபோது, "இதுவும் திரும்பி வந்துச்சுன்னா மெசின மூடி வச்சிருவேன்" என்று மட்டும் சொன்னார். அவர் தைக்கிற சிற்றறை அடுப்படியை ஒட்டி இருந்தது. அதற்குக் கதவே கிடையாது. இடுக்கில்லாமல் சாத்துகிற கதவு ஒன்று வேண்டும்.

ஆசாரியைக் கூப்பிடுவோம் என்றார் அண்ணன். நான் விடவில்லை. புதிதாக வாங்கிய வட்ட ரம்ப மெசின் கையில் இருந்தது. அதற்கு மேல் தலைக்கனமும் இருந்தது. ஜீப்பில் இரண்டு ப்ளைவுட் பலகைகள் ஏற்றிவந்தோம், ஒன்று கதவுக்கு, மற்றது மதினி துணி வெட்டும் மேசைக்கு. பென்சில் கோட்டைப் பார்த்தபடி வெறும் கையாலேயே மெசினை ஓட்டினேன். நிலையில் வைத்துப் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பூனை நுழையும்.

"ஏலே, கதவு செய்யச் சொன்னா சன்னலயும் சேத்துச் செஞ்சிருக்க" என்றார் அண்ணன். சாரலுக்கு மரம் முறுக்கிவிட்டது என்று சமாளித்தேன். "ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்று சிரித்த மதினி, பிறகு சிரிக்காமல் சொன்னார்: "மேசைப் பலகைய எடுங்க. நான் தரையில போட்டு வெட்டிக்கிறேன். கதவில்லாம ஆகாது." இருந்தது அந்த ஒரு பலகைதான். மறுபடி கோடு போட்டு மெசினைத் தூக்கினேன்.

மதினி மெசினின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதைப் புரட்டி அடித்தட்டைத் தடவிப் பார்த்தார். "இது எங்க தையல் மெசின்ல துணிய அமுக்குற பாதம் மாதிரிதான இருக்கு. நாங்க ஊசியப் பாத்தா தைக்கிறோம்? பாதத்தோட ஓரத்த ஒண்ணுல அணைச்சுக்கிட்டு ஓட்டுவோம். நீங்க ஏன் கோட்டப் பாத்துக்கிட்டே ஓட்டுறீங்க?"

நான் கெடுத்த பலகையில் ஆலையில் வெட்டிய நேரான ஓரம் ஒன்று மிச்சமிருந்தது. அதைச் சட்டமாக அறுத்தெடுத்தேன்; அறுத்த பக்கம் கோணல்தான், ஆனால் அந்தப் பக்கத்துக்கு இனி வேலையில்லை. மெல்லிய ப்ளைவுட் ஒன்றின் மேல் அதைத் திருகவேண்டும். சட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி ரம்பப் பல் விழும் என்று மூன்று முறை அளந்தேன். மூன்று அளவு வந்தது. மதினி டேப்பைப் பிடுங்கிக்கொண்டார். "அளக்காதீங்க. அடிப்பலகைய அகலமா விட்டுட்டு மெசின ஒருக்க ஓட்டுங்க. மிச்சத்த அதுவே வெட்டிக்கிரும்."

மெசினின் அடித்தட்டைச் சட்டத்தின் நேர் ஓரத்தில் அணைத்து ஓட்டினேன். அடிப்பலகையின் மிச்சம் துண்டாக விழுந்தது. இனி அந்த ஓரத்தைக் கோட்டில் வைத்தால் போதும், பல் அங்கேதான் போகும். இவ்வளவு எளிதா என்று எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. நல்ல பலகையில் அதை வைக்கும்போதும் தப்புப் பண்ணப் பார்த்தேன். "கழிச்சுப் போடுற பக்கத்துல வைக்காதீங்க, ரம்பப் பல்லு கனத்துக்குத் திங்கிறது கதவுலருந்துல்ல போகும்" என்று தடுத்தார். கதவுப் பக்கமாக மாற்றி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன்.

கதவு நிலையில் உட்கார்ந்தது. மதினி உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் தையல் மெசின் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணனுக்கு எதற்கோ மதினி வேண்டியிருந்தது. கதவைத் தள்ளக் கை நீட்டியவர் நின்று, யோசித்து, தட்டினார். எங்கள் வீட்டுக்குள் ஒருவர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. "யாரு?" என்று உள்ளே இருந்து கேட்டது. "நாந்தாம்மா" என்றார் அண்ணன். அந்தக் கல்யாணத் துணி திரும்பி வரவில்லை. நான் கெடுத்த பலகையின் மிச்சம் மதினிக்கு மேசையாயிற்று.

இப்போது மதினிக்குக் கொடைக்கானலில் சொந்தத் தையல் கடை. போன மாதம் போன் செய்தார். துணி போட்டுப் பார்க்கிற அறைக்குக் கதவு வேண்டுமாம். "வெள்ளனே வாங்க கொழுந்தனாரே. அந்தப் பலகையும் வரட்டும்." மலை ஈரத்தில் நேரான மரமெல்லாம் வளைந்துவிடும் என்றுதான் அதைப் புகையில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு நூல்கூட வளையவில்லை. மத்தியானத்துக்குள் கதவு ஏறிவிட்டது. என்னைப் பாராட்டப் போகிறார் என்று நின்றேன். மதினி பலகையை எடுத்து மோந்து பார்த்தார். கடைக்கு வெளியே கொண்டுபோய்ச் சாத்தி வைத்தார்.

"இத உள்ள விட்டுறாதீங்க, பட்டுத்துணி கெடக்கு" என்றவர், என் சட்டையையும் மோந்து பார்த்துவிட்டு, "நீங்களும் செத்த நேரம் வெளியவே நில்லுங்க" என்றார்.