மடிப்பக்கா நீக்கிய சேர்மானம்

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாகப் போர்வை மடிக்கிறவளுக்கு, குடியிருக்கும் கட்டடத்தில் மடிப்பக்கா என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. நாலு மாடி, நாற்பத்தெட்டு வீடு. கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய வீடு அவளுடையது. ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரும் அவள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனாலேயே எந்தப் பொதுக்காரியமும் கடைசியில் அவள் தலையில் வந்து விடியும்.

கட்டடத்தை இடித்துவிட்டுக் கடை வளாகம் கட்டப் போவதாக உரிமையாளர் நோட்டீஸ் ஒட்டியபோதும் அப்படித்தான் ஆயிற்று. வீட்டுவசதி அலுவலகத்தில் விசாரித்ததில், பாதிக்கு மேற்பட்ட வீடுகள், அதாவது இருபத்தைந்து வீடுகளாவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் விசாரணை வைத்தே தீர வேண்டும், அதுவரை ஒரு செங்கலைக்கூடத் தொட முடியாது என்றார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. அதற்கு ஐந்து வாரம் இருந்தது. ஆட்சேபத்தைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுக்கலாம். இணையத்தில் நிரப்பியதைத் தேதியோடு அச்செடுத்தும் கொடுக்கலாம்.

"ஒரு வெப்சைட் போட்டுடலாம். அவங்கவங்க போன்லயே எழுதிடுவாங்க. வீடு வீடா யாரு அலையறது?" என்றார் மூன்றாம் மாடி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் என்பதால் அவர் எதைச் சொன்னாலும் நாலு பேர் சிரிப்பார்கள். அன்று சிரிக்கவில்லை. யார் போடுவது என்ற கேள்விக்கு எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். மடிப்பக்கா வாயைத் திறந்தாள், மாட்டிக்கொண்டாள்.

"நான் வேணா பார்க்கட்டுமா? இலவசமாவே செய்யலாம்னு விளம்பரத்துல போடறான்."

வேலை முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்ததும் உட்காருவாள். கணவர் கிடங்கு ஒன்றில் இரவுக் காவல். பகலெல்லாம் அந்த ஒற்றை அறையில்தான் தூங்குவார். அவர் குறட்டைக்குப் பக்கத்தில், மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில், அவள் வெப்சைட் கட்டினாள். மென்பொருள் ஒரு வெற்றுப் பக்கத்தைத்தான் கொடுத்தது. எழுத்து வைக்கலாம், படம் வைக்கலாம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ப்ளக்-இன். படிவம் வேண்டுமா, அதற்கு ஒன்று. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டுமா, இன்னொன்று. அவள் அவற்றைச் சேர்மானம் என்றாள். மாவைக் கரைத்து வைத்தால் போதுமா, சேர்மானம் போட வேண்டாமா என்ற கணக்கில்.

போட்டாள். படிவம், நாட்காட்டி, அது பிடிக்காமல் இன்னொரு நாட்காட்டி, படங்கள் தானாக நகர ஒன்று, அன்றைய வெயில் சொல்ல ஒன்று, பாதுகாப்புக்கு மூன்று, பக்கத்தின் மேலிருந்து பூ உதிர ஒன்று. பிரதி எடுத்து வைக்கும் சேர்மானம் ஒன்றும் கண்ணில் பட்டது; நல்லதுதானே என்று அதையும் சேர்த்தாள். சேர்ப்பது வேறு, அதை இயக்கிவிடுவது வேறு என்று அவளுக்குத் தெரியாது. அடுப்பங்கரையில் வாங்கி வைத்த தீயணைப்புக் குப்பி மாதிரி, இருந்தாலே காப்பாற்றும் என்று நினைத்துவிட்டாள். மொத்தம் இருபத்துமூன்று ஆயிற்று.

ஆனால் படிவம் வேலை செய்தது. இரண்டாம் நாளே முதல் ஆட்சேபம் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் போன் டிங் என்றது. வீட்டில் இருந்த ஒரே போன் கணவரின் தலைமாட்டில் கிடந்தது.

"இங்க பாரு, நான் தூங்கணுமா வேணாமா? கோயில் மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கு."

"நம்ம வீட்டைக் காப்பாத்தறதுக்குத்தாங்க அடிக்குது."

"காப்பாத்துன வீட்டுல நான் உசிரோட இருக்க வேணாமா?"

அந்த அறிவிப்பை அணைத்தாள். அதோடு அவளது மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருந்த நகலும் நின்றுபோனது. எல்லாம் வெப்சைட்டிலேயே ஒரு பட்டியலில் இருந்ததால் அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. தினமும் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றையும் படித்தாள். நாலாம் மாடிக் கணக்கு வாத்தியார், தான் ஏறிய படிகளை வருடவாரியாகக் கணக்குப் போட்டிருந்தார். இரண்டாம் மாடித் தையல்காரி, காய்ச்சலில் தன் பிள்ளை அந்த வீட்டு ஜன்னலோரம் கடைசியாகக் கிடந்த பத்து நாளை எழுதியிருந்தாள். எதிரெதிர் வீட்டில் பதினாறு வருடம் முகம் பார்த்தும் தெரியாத சங்கதிகள். ஞாயிற்றுக்கிழமை மாலை படிவத்தை மூடியபோது முப்பத்தொன்று சேர்ந்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக் தன் ஆபீசில் புதன்கிழமை அச்செடுத்துத் தருவதாக ஏற்பாடு.

"ஆனா அக்கா, உங்க பக்கம் திறக்கறதுக்குள்ள நான் மூணு மாடி இறங்கி வந்து உங்ககிட்டயே கேட்டுட்டுப் போயிடலாம் போல. வேண்டாததை எல்லாம் எடுத்து விடுங்க" என்றார் அவர். இரண்டு மூன்று பேர் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள்.

சலவைக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஷிப்ட் முடியும்போது மடிப்பு மேஜை மேல் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. துணி அலமாரிக்குப் போக வேண்டும், துணி கொண்டுவந்த வண்டி வெளியே போக வேண்டும். மறந்து விட்ட வண்டியில்தான் அழுக்குத் துணியும் சுத்தத் துணியும் கலக்கும். பதினெட்டு வருடத்தில் அவள் மேஜையில் ஒரு வண்டி நின்றதில்லை.

திங்கட்கிழமை மதியம் அவள் வெப்சைட்டையும் அப்படித்தான் சுத்தம் செய்தாள். பூ உதிர்வது போயிற்று. வெயில் போயிற்று. இரண்டு நாட்காட்டியும் போயின. பிரதி எடுப்பது என்று சேர்த்ததற்குப் பக்கத்தில் 'இயக்கத்தில் இல்லை' என்று இருந்தது. இயங்காதது எதற்கு, அதுவும் போயிற்று. கடைசியில் படிவம். எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள், படிவத்தை மூடியும் ஆயிற்று, இனி அது காலி வண்டி. இதையும் இதன் தரவுகளையும் நீக்கவா என்று திரை கேட்டது. இதன் தரவு என்றால் இதன் திருகு, இதன் ஆணி என்று எடுத்துக்கொண்டாள். வண்டியை நீக்கினால் வண்டிச் சக்கரமும் போகத்தானே செய்யும். துணி பட்டியல் என்கிற அலமாரியில் அல்லவா இருக்கிறது. 'ஆம்' என்பதை அழுத்தினாள். பக்கம் சட்டென்று திறந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

புதன்கிழமை மதியம் பட்டியலைத் தேடினாள். பட்டியல் இருந்த இடமே இல்லை. மெனுவில் அந்தப் பெயரே இல்லை. படிவத்தை மறுபடி சேர்த்துப் பார்த்தாள். பட்டியல் வந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை, இதுவரை யாரும் எழுதவில்லை என்று ஒரு வரி மட்டும் இருந்தது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டாள்.

"டீஆக்டிவேட் பண்ணினியா, டிலீட் பண்ணினியாம்மா?"

"ரெண்டும் கேட்டுது. முதல்ல அதை, அப்புறம் இதை."

மகள் சொன்னாள்: "நிறுத்தி வச்சா எல்லாம் அப்படியே இருக்கும்மா. நீக்கினா, அது சேர்த்து வச்சதும் சேர்ந்து போயிடும். சில ப்ளக்-இன் அப்படித்தான். அதான் கேட்டிருக்குமே."

"கேட்டுது. தரவுன்னுதான் கேட்டுது. ஆட்சேபம்னு கேட்கலையே."

"அம்மா, அதுக்கு எப்படித் தெரியும் அது ஆட்சேபம்னு?"

வெப்சைட் கம்பெனியின் உதவிப் பெட்டியில் மகளே எழுதிக் கேட்டாள். பதில் பணிவாகத்தான் வந்தது. இலவசத் திட்டத்துக்கு அவர்கள் பிரதி வைப்பதில்லை, வருத்தம் தெரிவித்துக்கொள்கிறார்கள், இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்.

கணவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அந்த டிங் சத்தத்தை நிறுத்தச் சொன்னது தான்தான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். "வெள்ளைத்தாள் இருக்கா? எடு. முதல்ல நம்மளுதை எழுதுவோம்" என்று மட்டும் சொன்னார்.

எழுதினார்கள். பிறகு அவள் மாடியேறினாள். லிஃப்ட் மெக்கானிக் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் தன் தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு, "வேண்டாததை எடுன்னு சொன்னதே நான்தானேக்கா" என்று பேனாவை வாங்கினார்.

வியாழக்கிழமை லீவு போட்டாள். பெரும்பாலானவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இரண்டாம் தடவை எழுதியது முதல் தடவை எழுதியதைப் போல் இல்லை. முதலில் இரண்டு பக்கம் எழுதியவர் இப்போது நாலு வரியில், 'நாங்கள் போக விரும்பவில்லை' என்று முடித்தார். முதல் மாடியில் நாலு வீடுகள் வரிசையாகக் கையை விரித்தன. செவ்வாய்க்கிழமை உரிமையாளரின் ஆள் வந்து ஊர்க்கோடியில் மாற்று வீடு தருவதாகச் சொல்ல, கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"முதல்லயே எழுதினது இருந்திருந்தா அது இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருப்போம். இப்ப புதுசா எப்படிக்கா எழுதறது? அந்தாளு முகத்துல முழிக்க வேணாமா?"

மூன்றாம் மாடியில் ஒருவர் முழங்கைவரை சோப்பு நுரையோடு வந்து கதவைத் திறந்தார். "எழுதின அன்னிக்குக் கோபம் இருந்துச்சு. இப்ப இல்ல. விடுங்க." அவர் பக்கத்து வீட்டுக்காரர் கதவையே திறக்கவில்லை, உள்ளே டிவி ஓடியது. கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர் போன வாரமே கப்பலேறிவிட்டார், போன் எடுக்கவில்லை.

தையல்காரி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். மிஷினில் பாதி தைத்த பாவாடை கிடந்தது.

"அதை ஒரு தடவை எழுதறதுக்கே எனக்கு நாலு நாள் ஆச்சுக்கா."

"தெரியும்மா. நான் படிச்சேன். நீ எழுதினது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. நானே எழுதறேன், நீ கையெழுத்து மட்டும் போடு."

"எப்படி இருக்கு ஞாபகம்?"

மடிப்பக்கா சொன்னாள். ஜன்னலில் கட்டிய ஈரத்துணியைச் சொன்னாள். பிள்ளை கீழே போகும் பஸ்களை எண்ணியதைச் சொன்னாள். நாற்பதாவது பஸ்ஸுக்கு வரும்போது தையல்காரி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"போதும்க்கா. ஒரு தடவை யாருக்கோ சொன்னேன், போயிடுச்சு. போனது போனதாவே இருக்கட்டும்."

"நாலு வரி போதும்மா. போக விரும்பலைன்னு மட்டும்."

"நாலு வரில எழுதற மாதிரியா இருந்தான் அவன்" என்று சொல்லிவிட்டு அவள் பாவாடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். தாள் வெறுமையாகவே திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை கையில் இருபத்திரண்டு இருந்தது. இன்னும் மூன்று வேண்டும்.

மிச்சம் இருந்தவர் கணக்கு வாத்தியார். அவர் திங்கட்கிழமை இரவு விழுந்து, மடிப்பக்கா வேலை செய்யும் அதே மருத்துவமனையில் இருந்தார். சீருடையில் இருந்ததால் அவளை யாரும் தடுக்கவில்லை. பையில் தாளும், கைநாட்டு வைக்க மைப்பட்டையும் இருந்தன. வாத்தியாருக்கு நினைவு இல்லை. வாய்க்குள் குழாய் போயிருந்தது. வலது கை போர்வைக்கு வெளியே, உள்ளங்கை மேலாகக் கிடந்தது. கட்டைவிரல் சுத்தமாக இருந்தது. நர்ஸ் அடுத்த கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர் என்ன எழுதினார் என்பது வரிக்கு வரி தெரியும். அவர் விரும்பியதும் இதுதான். ஒரு விநாடி வேலை.

பைக்குள் கையை விட்டு மைப்பட்டையைத் தொட்டாள். பிறகு கையை வெளியே எடுத்தாள். வாத்தியாரின் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். கை நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவர் விரலாலேயே எழுதிய கணக்கை அவர் விரலாலேயே பொய்யாக்குவது எப்படி என்று தோன்றியதா, அல்லது நர்ஸ் திரும்பிவிடுவாள் என்ற பயம்தானா என்று பின்னால் யோசித்தபோது அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மூன்று தாளில் எழுதினாள். வாத்தியாருடையது, தையல்காரியுடையது, கப்பல்காரருடையது. ஒவ்வொன்றின் அடியிலும், 'இவர் எழுதியதைப் படித்தவள் என்ற முறையில் நினைவிலிருந்து எழுதுகிறேன்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

வீட்டுவசதி அலுவலகத்தில் மணி மூன்றேகால். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் நடுவயதுக்காரர், அவசரப்படாத மனிதர். இருபத்திரண்டுக்கும் முத்திரை குத்தினார். பிறகு மற்ற மூன்றையும் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக முழுசாகப் படித்தார். தையல்காரியுடையதை இரண்டு தடவை படித்தார்.

"இதுல அவங்க கையெழுத்து இல்லையேம்மா."

"இணையத்துல எழுதியிருந்தாங்க சார். நான்தான் தெரியாம அழிச்சுட்டேன். இதுல இருக்கறது அவங்க எழுதினதுதான். ஒரு வார்த்தை நான் சேர்க்கலை."

"நான் நம்பறேன். ஆனா எண்ணிக்கைல சேர்க்க முடியாது. நாளைக்கு உங்க பேர்லயே யாராவது ஞாபகத்துல இருந்து எழுதிட்டு வந்தா?" மூன்று தாளையும் அடுக்கி, மூலை பார்த்து நேராக்கித் திருப்பிக் கொடுத்தார். "பாதிக்குக் கீழன்னா விசாரணை கிடையாது. ஃபைல்ல இருக்கும், அவ்வளவுதான்."

"நாலு மணி வரைக்கும் இங்கயே இருக்கலாங்களா?"

"இருங்க. யாராவது வருவாங்களா?"

"இல்லைங்க."

இருந்தாலும் நாலு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எழுத்தர் ஜன்னலை மூடும்போது அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

கட்டடத்துக்குத் திரும்பியபோது படிக்கட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எத்தனை என்று கேட்டார்கள். இருபத்திரண்டு என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பாள். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி மட்டும், "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு மேலே ஏறிப் போனாள். ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அளவெடுக்கிற ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கீழ்த்தளம் என்பதால் முதல் வீடு அவளுடையது. கணவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து படுத்திருந்தார். அவள் அவரை எழுப்பினாள்.

"கட்டிலை நகர்த்தட்டுங்களா? பின்னால சுவரு இருக்கு" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றார் டேப் வைத்திருந்தவர். "இடிக்கற சுவருதானே. தோராயமா போதும்."

அவள் கேட்கவில்லை. கணவர் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையைத் தான் பிடித்துக் கட்டிலை நகர்த்தி, அவர்கள் சரியாக அளக்கும்வரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.